பதினோரு நிமிடம்

இந்த வீட்டை இரண்டாக்கியவன்
படியைப் பிரித்தான், தபால் பெட்டியைப் பிரித்தான்,
கதவெண்ணுக்குப் பின்னால் ஏ என்றும் பி என்றும் எழுதினான்.
மின்சாரத்தைப் பிரிக்க மட்டும் மறந்துபோனான்.

மேலே என் அடுக்களையும்
கீழே கோர்டி நீமியின் படுக்கையறையும்
ஒரே பிரேக்கரில் தொங்குகின்றன.
அந்தப் பிரேக்கர் பெட்டி
அவன் கோட்டு மாட்டும் ஆணிக்கு அடியில்.

டுலூத்தில் ஜனவரி.
மைனஸ் இருபத்தாறு என்றது காலை வானொலி.
பள்ளி இல்லை என்றால் என் மஞ்சள் பேருந்து இல்லை,
பேருந்து இல்லை என்றால் அன்றைய கூலி இல்லை.
ஃப்ரீசரில் இருந்ததோ
பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டிய வான்கோழிக் கொத்துக்கறி,
அலமாரியில்
யூனியன் பிங்கோவில் விழுந்து
எட்டு மாதமாய் அட்டையைவிட்டு வெளிவராத
ஏர் ஃப்ரையர்.

வான்கோழி.
பெயரில் மட்டும் வான்.
வில்மர் பக்கம் ஏதோ ஒரு கொட்டகையில்
பத்தாயிரத்தில் ஒன்றாய் நின்று,
நின்ற இடத்திலேயே கனத்து,
ஒரு முழம்கூட எழும்பாமல் போன பறவை.
இன்றைக்குத்தான் அதற்குக் காற்று வாய்க்கிறது,
நானூறு டிகிரியில்.

ஒரு முட்டை. காய்ந்த ரொட்டியின் தூள்.
பூண்டு இரண்டு பல், கண்ணளவு மிளகு.
வெறும் கையில் ஒட்டுகிறது,
பிடிவாதக்காரக் கறி.
கையை நனைத்துக்கொண்டு பிடித்தால் பிடிபடுகிறது.
பதினான்கு உருண்டைகள்.
ஒன்று மற்றதைத் தொடாதபடி
கூடையில் உட்காரவைத்தேன்,
முதல் நாள் பேருந்தில்
பிள்ளைகளை உட்காரவைப்பதுபோல.

ஐந்தாவது நிமிடம்
எல்லாம் அணைந்தது.
விசிறி ஒரு பெருமூச்சுவிட்டு நின்றது.
கீழிருந்து விளக்குமாற்றுக் கட்டையால்
ஒரே ஒரு இடி.

டார்ச்சோடு பின்படியில் இறங்கினேன்.
இரவெல்லாம் சாலையில் பனி தள்ளிவிட்டு
பகலில் தூங்குகிறவன்
போர்வைக்கு மேல் கோட்டு,
கோட்டுக்கு மேல் இன்னொரு போர்வை.
மூன்று குளிர்காலமாய் எங்களுக்குள் பேச்சென்றால்
'உன் காரை நகர்த்து', 'நகர்த்திவிட்டேன்'
அவ்வளவே.

பாதி வெந்திருக்கிறது, என்றேன்.
என்ன?
வான்கோழி.
பாதி வெந்த இறைச்சியை அப்படியே விடக் கூடாது
என்று அவனுக்கும் தெரிந்திருந்தது.
எவ்வளவு நேரம்?
பதினோரு நிமிடம்.
அவன் ஹீட்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
பிளக்கைப் பிடுங்கினான்.
பிரேக்கரைத் தட்டிவிட்டு
காதுவரை தொப்பியை இழுத்துக்கொண்டு
போ, என்றான்.

மேலே விசிறி சுழன்றது.
கீழே அவன் நடக்க ஆரம்பித்தான்.
கட்டிலைச் சுற்றி, மீண்டும் கட்டிலைச் சுற்றி,
சூடு குறையாமல் இருக்க
கூடைக்குள் காற்று சுற்றுவதுபோல.
பலகை வழியே ஒவ்வொரு அடியும் கேட்டது.

எட்டாவது நிமிடத்தில்
என் உள்ளங்கால் சில்லிட்டது.
முதலில் புரியவில்லை.
பிறகு புரிந்தது.
இந்தத் தரை தானாகச் சூடாய் இருந்ததில்லை.
மூன்று குளிர்காலம்
அவன் பில்லில் எரிந்த வெப்பம் கூரை ஏறி வந்து
என் பாதத்தைத் தடவிக்கொடுத்திருக்கிறது.
நான் என்னவோ
இந்த வீடு நல்ல வீடு என்று
அக்காவுக்குக் கடிதத்தில் எழுதிக்கொண்டிருந்தேன்.

பதினோரு நிமிடம் முடிந்ததும்
முள்ளைக் குத்திப் பார்த்தேன்.
நூற்று ஐம்பத்தெட்டு. இன்னும் ஏழு டிகிரி வேண்டும்.
குதிகாலால் தரையை இரண்டு முறை தட்டினேன்.
கொஞ்சம் யோசனை.
பிறகு கீழிருந்தும் இரண்டு.

ஒன்பதை அவனுக்குக் கொண்டுபோனேன்.
வாசலிலேயே நின்றபடி
கையுறையோடு எடுத்து வாயில் போட்டான்.
ஆவி அவன் மூக்கிலிருந்து வந்ததா
உருண்டையிலிருந்து வந்ததா தெரியவில்லை.
மூன்றாவதை மென்றுகொண்டே சொன்னான்:
உப்பு குறைவு.

உண்மைதான். உப்பைப் போடவே இல்லை.

மேலே ஏறுவதற்குள் ஹீட்டர் உறுமியது.
விளக்கையும் போட பயந்து
உப்பு டப்பாவோடு இருட்டில் நின்று
மிச்ச ஐந்தைத் தின்றேன்,
செருப்பில்லாமல்.